மேனி போட்ட அம்மா

எங்கள் அருப்புக்கோட்டைக்காரர்கள் தங்கள் முகத்துக்குச் செய்கிற கொடுமையை எதிரிக்குக்கூடச் செய்ய மாட்டார்கள். இந்த ஊரில் தோல் டாக்டராகக் காலம் தள்ளுகிற மீனலோசனி சொல்கிறேன், நம்புங்கள். பருவின் மேல் பற்பசை தடவுவார்கள். கருமை போகவேண்டும் என்று எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்துக்கொண்டு, அதே முகத்தோடு உச்சி வெயிலில் துணி காயப்போடுவார்கள். பொடுகு என்றால் தலை நிறைய எண்ணெய். அந்தப் பொடுகுக் காளான் தின்று கொழுப்பதே எண்ணெயைத்தான் தாயே என்று சொன்னால், அப்ப தலையக் காயப் போடவா என்று என்னையே மடக்குவார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பவுடர் போலப் பூசிப் பூசி, தோல் வெங்காயச் சருகாக மெலிந்த பிறகு என்னிடம் வருவார்கள். நான் கத்துவேன். தலையை ஆட்டிவிட்டுப் போய், அடுத்த மாதம் வேறொரு களிம்போடு வந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு 'மேனி' வந்த செய்தி எப்படி இருந்திருக்கும்? படித்த படிப்பெல்லாம் இதற்காகத்தான் என்று தோன்றியது. சென்னையிலிருந்து அந்தக் கம்பெனியின் விஞ்ஞானி ஆல்வின் தேவசகாயம் குளிர்பெட்டியோடு நேரில் வந்து இறங்கினான். நாகர்கோவில்காரன், பேச்சில் படபடப்பு. நானும் படபடப்புக்காரிதான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நர்ஸ் ஸ்டெல்லா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

"மேடம், நம்ம தோல் மேல கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு" என்றான். "பரு, பொடுகு, வியர்க்குரு, நாத்தம், பாதிப் பிரச்சினை யாரால? அந்தக் குடித்தனக்காரங்களால. நாங்க ஒரு களிம்பு போட்டு மொத்தப் பேரையும் காலி பண்ணிடுவோம். அடுத்த களிம்புல புதுக் குடித்தனத்தை ஏத்திடுவோம். இவங்க எண்ணெய் வழிஞ்சா தின்னுக்குவாங்க, காஞ்சா ஈரம் பிடிச்சு வைப்பாங்க, வெயில் அடிச்சா குடை பிடிப்பாங்க."

பழைய ஆட்கள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். விடமாட்டாங்க மேடம், வாசல்லயே தொரத்திருவாங்க என்று சிரித்தான்.

முதலில் எனக்கே போட்டுக்கொண்டேன். என் குதிகால் வெடிப்பு கல்யாணமான காலத்திலிருந்து என்னோடு இருந்தது, கல்யாணம் முறிந்த பிறகும் இருந்தது. ஒரே வாரத்தில் அது குழந்தைப் பாதம் ஆகிவிட்டது. நான் செருப்பைக் கழற்றி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காலைக் காட்டினேன். வெட்கமே இல்லை.

அப்புறம் ஊருக்கே போட்டேன். பாலிடெக்னிக் பையன்கள் பரு இல்லாத கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே போனார்கள். சித்திரை வெயிலில் டவுன் பஸ்ஸில் ஏறினால் வேர்வை நாற்றமே இல்லை, கண்டக்டருக்கே அதிசயம். மணமகள் தேவை விளம்பரங்களில் 'மேனி போட்டவர்' என்று ஒரு வரி சேர்ந்தது. அதைப் படித்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. மற்றபடி தரையில் கால் பாவவில்லை.

அந்த உற்சாகம் உச்சத்தில் இருந்தபோதுதான் சண்முகப்ரியா வந்தாள். மூன்று மாதக் கைக்குழந்தையின் தாய். கன்னம் இரண்டிலும் கர்ப்பத்தில் படிந்த மங்கு, தாடை நிறையப் பரு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் உதிர்ந்த முடி. என் நோயாளிகளில் பாதிப்பேர் அப்படித்தான், சாட்சியோடு வருவார்கள்.

நான் அவளிடம் உண்மையைத்தான் சொன்னேன். பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப்பேருக்கு இந்த மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக விழும், பிறகு தானாக நின்று முளைக்கும், பயப்படாதே. மங்கும் மெல்ல மெல்லக் கலையும், வெயிலுக்குக் களிம்பு போடு, முகத்தை உரசிக் கழுவாதே, பொறுத்திரு. அவள் பொறுத்திருக்க வரவில்லை.

"அது கலையிற வரைக்கும் அந்த வீட்ல நான் எப்படி நிமிந்து நடக்குறது டாக்டர்?" என்றாள்.

கதை அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் காளீஸ்வரி. அவள் புருஷன் துபாயில், பிள்ளைகள் இரண்டும் ஊட்டி ஹாஸ்டலில். இளையவள் இவள். இவளுடைய வளைகாப்பில், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த நேரத்தில், சந்தனம் பூச வந்த காளீஸ்வரி, கல்யாணத்துல பாத்த மூஞ்சி எங்கடி போச்சு, இது என்ன கருகுன தோசையாட்டம் இருக்கு என்று கேட்டுவிட்டாள். கூட்டம் சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, நடுவில் ஒரு சுவர். மாமியார் இல்லாத வீடு. மாமனார் இரண்டு அடுப்பிலும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காளீஸ்வரியை எனக்குத் தெரியாதா? அவளும் என் நோயாளிதான். தலையில் மட்டுமல்ல, புருவத்திலும் காது மடலுக்குப் பின்னாலும் பிசுபிசுவென்று செதில் உதிர்கிற பொடுகு அவளுக்கு. வாய் கொஞ்சம் நீளம், மனசு எப்படியென்று சொல்வதற்கில்லை. மேனி போட்டுக்கொள்ளச் சொன்னபோது, எங்கப்பன் குடுத்த தோலு போதும் டாக்டரம்மா என்று எழுந்து போய்விட்டாள்.

சண்முகப்ரியாவுக்குப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு கம்பெனி சொன்னபடி வீட்டில் சீப்பு, தலையணை உறை, உடுத்திய துணி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுக்கச் சொன்னேன். பழைய கிருமி எதிலும் ஒட்டியிருக்கக் கூடாது. மூன்றாம் வாரம் அவள் வந்து நின்றபோது ஸ்டெல்லா அடையாளம் தெரியாமல், புதுசா பதியணுமாம்மா என்று கேட்டாள். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையென்றால் பெருமை, அப்படியொரு பெருமை.

அடுத்த முறை அவள் வந்தபோது முகம் அதே பளபளப்பு, கண் மட்டும் வீங்கியிருந்தது. பாப்பா தன்னிடம் வரமாட்டேன் என்கிறாள் என்றாள். நெஞ்சில் அணைத்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுகிறாளாம். பாலைப் பீய்ச்சிப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால், புருஷன் அழகுராஜா கையில் குடிக்கிறாள். மாமனார் கையில் குடிக்கிறாள். எதிர்வீட்டு டீச்சர் கையில்கூடக் குடிக்கிறாள். பெற்றவள் தொட்டால் மட்டும் அழுகை. குழந்தை டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றுவிட்டார். தெருவில் கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

"பேயப் பாத்த மாதிரி என்னையப் பாக்குறா டாக்டர். நான் பெத்த புள்ள. நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?"

ஒரு சத்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மனசே சரியில்லாமல் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என் பூனை முதுகைச் சிலிர்த்துக்கொண்டு சீறியது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான், வயசாகிவிட்டது என்று விட்டிருந்தேன். அது நேராக ஓடிப்போய் அலமாரிக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த என் பழைய நைட்டி மேல் படுத்துக்கொண்டு முகத்தை அதற்குள் புதைத்தது. நான் துவைக்க மறந்துபோன நைட்டி. மேனி போடுவதற்கு முன்னால் உடுத்தியது.

எனக்கு உச்சந்தலையில் ஏதோ சுரீரென்றது. கையைத் தூக்கி என் அக்குளை மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த கண்ணாடி தம்ளரை மோந்தது போல இருந்தது. நின்ற இடத்திலேயே ஆல்வினைப் போனில் பிடித்தேன்.

"வேர்வைக்குன்னு சொந்தமா வாசம் கிடையாது மேடம்" என்றான் அவன். "தோல்ல குடியிருக்கிறவங்க அதைத் தின்னு வாசமாக்குறாங்க. ஆளுக்கு ஆள் குடித்தனம் வேற, அதனால வாசமும் வேற. நாங்க புதுசா ஏத்துறது வாசமே விடாது. அதைத்தானே மேடம் எல்லாரும் பெருமையா விக்கிறாங்க."

"அந்தப் பாப்பாவுக்குக் குரல் அம்மா, கை அம்மா. மூக்குக்கு மட்டும் அங்க யாருமே இல்ல. அதான் பேய்னு அழுவுது" என்றேன்.

நாங்க யாரும் இதை யோசிக்கலையே மேடம் என்றான். அவளுடைய பழைய கிருமிகளை எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். யார் யார் குடியிருந்தார்கள் என்ற படம் இருக்கிறதாம், உயிரோடு ஒன்றும் இல்லையாம். "யாராவது பருவைத் திருப்பிக் கேப்பாங்கன்னு யாருக்குத் தோணும் மேடம்?" என்று பாவமாகக் கேட்டான். எங்கேயாவது அவளுடைய பழைய கிருமி ஒட்டிய துணியோ சீப்போ கிடைத்தால், வளர்த்துத் தந்துவிடுவதாகச் சொன்னான்.

அன்றே, பால் கொடுக்கிற தாய்மாருக்கு என் கிளினிக்கில் மேனி கிடையாது என்று நிறுத்தினேன். தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டேன். போட்டால், அவர்களிடமும் கதைகள் இருந்தன. சாத்தூரில் பார்வையில்லாத ஒரு மனுஷர், காலமெல்லாம் பக்கத்தில் படுத்த மனைவியை யாரும்மா நீ என்று தள்ளிவிட்டாராம். அந்த அம்மாள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாராம். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் கோபம் இன்னும் கூடியது.

சண்முகப்ரியா வீட்டுக்கு ஓடினேன். சீப்பு கொதித்திருந்தது, தலையணை கொதித்திருந்தது, ரவிக்கை ஒன்று மிச்சமில்லை. நான் சொன்னதை இந்த ஊரில் ஒரு ஆத்மா அட்சரம் பிசகாமல் கேட்டது அன்றைக்குத்தான். தலையில் அடித்துக்கொண்டு திரும்பியபோது, உள்ளறையில் தூளியைப் பார்த்தேன். நீலத்தில் மஞ்சள் கரை போட்ட பருத்திச் சேலைத் தூளி. அதற்குள் பாப்பா கன்னத்தைத் துணியோடு ஒட்டிக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதில் மட்டும் எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டேன். ஆரம்பத்தில் இதிலும் கத்தினாளாம், அப்புறம் அழகுராஜா தினம் ஒரு சேலை எடுத்து மாற்றிக் கட்டுகிறானாம், அன்றிலிருந்து தூளியில் போட்டால் சத்தமில்லையாம். நான் குனிந்து துணியை மோந்து பார்த்தேன். வேர்வை, எண்ணெய், அடுப்படி, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மனுஷியின் வாசம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையிலேயே ஒரு குதி குதித்தேன்.

"யார் சேலைம்மா இது?"

"என்னதுதான் டாக்டர். ரெண்டு பொங்கலுக்கு முன்னாடி மாமா எடுத்துக் குடுத்தது. பரண்ல பழைய துணியோட கெடந்துச்சாம், இவருதான் எடுத்துட்டு வந்தாரு."

வாசலில் நின்ற அழகுராஜா, ஆமா டாக்டர், பரண்லதான் என்றான். என் காலையே பார்த்துக்கொண்டு சொன்னான். என் புதுப் பாதத்தைத்தான் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த அவசரத்தில் சேலையைச் சுருட்டி, குளிர்பெட்டியில் வைத்து, சென்னைக்கு அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

ஆல்வின் வளர்த்தான். மேலதிகாரிகளிடம் கேட்டால் கமிட்டி போடுவார்கள் என்று கேட்காமலே வளர்த்து, தானே எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தான். புதுக் குடித்தனத்தைக் காலி செய்தோம், பழையதை ஏற்றினோம். சண்முகப்ரியா நெற்றியிலிருந்து பாதம் வரை பூசிக்கொண்டாள். மறுபடி பரு வரும், மங்கு வரும், முடிகூடக் கொட்டும், யோசித்துக்கொள் என்று சொன்னதற்கு, வரட்டும் டாக்டர், எல்லாம் வரட்டும் என்றாள்.

கிருமி தோலில் நிலைகொள்ள அவகாசம் வேண்டும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவள் கூப்பிட்டனுப்பியதும் ஆல்வினையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அழகுராஜா பாப்பாவைக் கொடுத்தான். பாப்பா வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினாள், உடம்பை வளைக்கப் போனாள், பிறகு நின்றாள். மூக்கு சுருங்கி விரிந்தது. கழுத்துக்குழியில் முகத்தை உரசினாள், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டித் தேடினாள், தேடிப் பிடித்துக்கொண்டாள். பால் குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அழகுராஜா சுவரில் சாய்ந்து அழுதான். ஆல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே நினைவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் சட்டென்று நின்றது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பருவுக்காகக் காத்திருந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் எழுந்ததும் அழகுராஜா போன் வெளிச்சத்தை அடித்து அவள் தாடையைச் சோதிப்பானாம். ஒண்ணுகூடக் காணோம் டாக்டர் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். இருபது வருஷத்தில் இப்படியொரு புகாரை நான் கேட்டதில்லை. வா பார்க்கலாம் என்றேன். வந்தாள். பரு இல்லைதான். ஆனால் புருவ முடிக்குள் மஞ்சள் செதில் இருந்தது. காது மடலை மடக்கிப் பார்த்தேன், அங்கேயும் அதே பிசுபிசுப்பு. இவளுக்கு ஆயுசில் பொடுகு வந்ததில்லை. அந்தப் புருவத்தை நான் வேறொரு முகத்தில் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சில் ஒற்றி எடுத்து ஆல்வினுக்கு அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டான். "மேடம், இது அந்தம்மாவோட பழைய படத்தோட ஒத்துப்போகலை. இது வேற ஒருத்தங்களோட தோல். அவசரத்துல, வளக்குறதுக்கு முன்னாடி ஒப்பிட்டுப் பாக்காம விட்டுட்டேன்" என்றான்.

பரணில் கிடந்த சேலையில் அவ்வளவு புது வேர்வை எப்படி வரும்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேராக அந்த வீட்டுக்குப் போய், இரண்டு அடுப்படிக்கும் நடுவில் நின்று, காளீஸ்வரி, கொஞ்சம் இங்கிட்டு வா என்று கூப்பிட்டேன். வந்தாள். சண்முகப்ரியாவும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே பச்சையில், சிவப்புக் கரை போட்ட ஒரே மாதிரிப் பருத்திச் சேலையில் நின்றார்கள். தூளியில் கிடந்த நீலத்துக்கும் இப்படி ஒரு ஜோடி இருந்திருக்கிறது.

நம் ஊர் வழக்கம்தான். ஒரு மருமகளுக்கு ஒன்று, இன்னொருத்திக்கு வேறொன்று எடுத்தால் வீடு இரண்டாகும் என்று, மாமனார் ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தறிக்காரரிடம் சொல்லி ஒன்று போல இரண்டு வாங்கிவிடுவார். எது யாருடையது என்று கட்டியவளுக்கே தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. உடைந்துபோன அழகுராஜா எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பரணும் இல்லை, பழைய துணியும் இல்லை, அண்ணிதான் தந்தார்கள் என்றான்.

சண்முகப்ரியாவின் முகம் சிவந்தது. பேச்சுவார்த்தை இல்லாத வீடல்லவா, ஒரு முழம் தள்ளி நிற்பவளிடம் என் வழியாகப் பேசினாள்.

"எதுக்குக் குடுத்தாகன்னு அவங்ககிட்டக் கேளுங்க டாக்டர்."

"டாக்டரம்மா, அவகிட்டச் சொல்லுங்க" என்றாள் காளீஸ்வரி. "பாப்பா அழுகுறது செவரு தாண்டி வந்துச்சு. எம்புட்டு நேரந்தேன் கேட்டுக்கிட்டு இருக்கிறது? கொழுந்தனக் கூப்புட்டு, கட்டியிருந்த சேலைய மாத்திட்டு அதைக் குடுத்தேன். புள்ள தூங்கிருச்சு. மறுநா தொவச்சுக் கட்டுனாக, திரும்பக் கத்துச்சு. அப்பறம் தெனமும் ஒண்ணக் கட்டி, சாயங்காலமா அவுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

கோடை முழுக்க நைட்டியில் இருக்கிறவள் அவள். அந்தக் கத்திரி வெயிலில் தினம் பருத்திச் சேலை சுற்றிக்கொண்டு அடுப்படியில் வெந்திருக்கிறாள். போன மாதம் புருவமெல்லாம் புண்ணாகி என்னிடம் வந்தபோது, மருந்து ஷாம்பூவை ஏன் நிறுத்தினாய் என்று நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அன்றைக்கு அந்த நீள வாய்க்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அதையும் சொன்னாள். அந்த ஷாம்பூவைப் போட்டுக் குளித்த அன்றைக்குச் சேலையில் வாசம் மாறி, பாப்பா தூளியில் படுக்கவில்லையாம். அதனால் நிறுத்திவிட்டாளாம்.

சண்முகப்ரியா கேட்டுக்கொண்டே நின்றாள். கோபம் போய்விட்டது, ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

"அப்ப எம்புள்ள எங்கிட்ட வரல டாக்டர். அவங்ககிட்டத்தான் வந்திருக்கா. நான் அவங்க வாசமா இருக்கேன், அம்புட்டுத்தான்" என்றாள்.

நான்தான் டாக்டர், நான் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டு வழி இருக்கிறது என்றேன். இதை மறுபடி முழுக்கக் கழுவி எடுத்துவிடலாம். உன்னுடைய சொந்தக் கிருமிகள் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் மெல்ல வந்து குடியேறும், அதற்கு மாதக்கணக்கு ஆகும், வந்தாலும் பழைய வாசமாக இருக்குமா என்று உத்தரவாதம் இல்லை. அதுவரை பாப்பா மறுபடி உன்னிடம் வராமல் போகலாம். இல்லையென்றால் இப்படியே இருக்கலாம். என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

கழுவிரலாம் என்று முதலில் சொன்னது காளீஸ்வரிதான். "அவ புள்ள, அவ வாசத்துலதான டாக்டரம்மா வளரணும். அது வரைக்கும் நான் சேலை குடுக்குறேன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சண்முகப்ரியா கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாப்பாவுக்குப் பசி. எங்கள் வழக்கு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அம்மாவின் முந்தானையைத் தலையால் முட்டி விலக்கிக்கொண்டு, வாயைத் திறந்து தேடியது. சண்முகப்ரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரவிக்கையைத் தளர்த்தி வாகாகப் பிடித்துக்கொண்டாள். பாப்பா ஒரு கையால் அவள் விரலைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக் குடிக்க ஆரம்பித்தது. சண்முகப்ரியாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, புருவம் ரெண்டும் பயங்கரமா அரிக்குது. நீங்க இதுக்கு என்னத்தப் போடுறீங்க?"

நான் பேனாவைத் திறந்துவிட்டேன், பழக்க தோஷம். காளீஸ்வரி அதைக் கவனிக்கவேயில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, தங்கச்சியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் புருவத்தை நீவிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா ஒரு ஷாம்பூ எழுதுவாக. போட்டுறாத, புள்ளைக்கு ஆகாது" என்றாள். "பால்குடி மறக்கட்டும். அப்பறம் ரெண்டு பேரும் சேந்தே போயிப் பாப்போம் அவுகள."

நான் அந்தக் கட்டிலிலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.